பயணத்துக்கென்று ஒரு தனிக் கணக்கு

வாசகர் கேள்வி:

நாங்கள் ஐந்து பேர் கொண்ட குடும்பம்: நானும் கணவரும், 11 வயதிலும் 6 வயதிலும் இரு பிள்ளைகள், 70 வயதை நெருங்கும் மாமியார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐந்து நாள் வெளிநாட்டுப் பயணம் போனோம். அதற்காகக் கிரெடிட் கார்டில் ஏறிய கடனை அடைக்க 9 மாதம் ஆயிற்று. போதாக்குறைக்கு, மூன்றாம் நாள் பேருந்து நிலையத்தில் கணவரின் கைப்பேசி திருடுபோனது. நாங்கள் விடுதிக்குத் திரும்புவதற்குள் அவருடைய சம்பளக் கணக்கிலிருந்து பெருந்தொகை எடுக்கப்பட்டுவிட்டது. அடுத்த நீண்ட விடுமுறைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. பிள்ளைகள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். "வீட்டிலேயே இருந்தால் செலவும் இல்லை, திருட்டும் இல்லை" என்கிறார் கணவர். கடன் வாங்காமல், பயமில்லாமல் போய்வர வழி உண்டா? ரொக்கமாக எவ்வளவு, கார்டாக எவ்வளவு கொண்டுபோவது? பயணக் காப்பீடு எடுக்கத்தான் வேண்டுமா?

நிதி ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் இரண்டு இழப்புகளைத் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள்: செலவு கைமீறியது ஒன்று, பணம் களவுபோனது மற்றொன்று. குடும்பங்களின் வரவு செலவையே பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு, இரண்டும் ஒரே ஓட்டை வழியாகப் போனவையாகத்தான் தெரிகின்றன. பயணத்தில் செலவழிக்க வேண்டிய பணத்துக்கும் குடும்பம் நடத்த வேண்டிய பணத்துக்கும் நடுவே உங்களிடம் வேலி இருக்கவில்லை. கிரெடிட் கார்டைத் தேய்த்தபோது உங்களுக்கு எல்லையாக இருந்தது வங்கி வைத்த உச்சவரம்பு. உங்கள் வருமானத்தைப் பார்த்து நீங்கள் வகுத்த எல்லை அன்று. கைப்பேசியைத் திருடியவனுக்கும் அப்படித்தான். அவன் கையில் அகப்பட்டது ஒரு பயணத்தின் செலவுப் பணம் அன்று, மாதாமாதம் சம்பளம் வந்து விழும் கணக்கு.

ஆகவே, பயணத்துக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்குங்கள்; அதற்கென்று தனி டெபிட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் இதைச் சொன்னால் பலர் "இன்னொரு கணக்கா?" என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்த ஒரு ஏற்பாடு செலவுக்கும் வரம்பு கட்டுகிறது, திருட்டுக்கும் வரம்பு கட்டுகிறது. கணக்கில் இருப்பதற்கு மேல் உங்களாலும் எடுக்க முடியாது, திருடனாலும் எடுக்க முடியாது. கணக்கு தொடங்கும்போதே இருப்புக்கு மேல் கடனாக எடுக்கும் வசதி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அது இருந்தால் வேலியில் நாமே வாசல் வைத்ததாகிவிடும்.

கணக்கில் எவ்வளவு போடுவது என்பதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சென்ற முறை பயணம் முடிந்த பிறகு 9 மாதம் தவணை கட்டியிருக்கிறீர்கள். அந்தத் தவணையைக் கட்டும் திராணி உங்கள் குடும்பத்துக்கு உண்டு என்பது இதனால் தெரிகிறது. இம்முறை அதே தவணையைப் பயணத்துக்கு முன்பே, இந்தப் புதிய கணக்கில், சம்பளம் வந்த மறுநாளே கட்டுங்கள். சென்ற முறை நீங்கள் வட்டியும் சேர்த்துக் கட்டினீர்கள். இம்முறை அந்த வட்டி உங்களிடமே நிற்கும். ஆறு மாதத்தில் சேர்வது எவ்வளவோ, அவ்வளவே உங்கள் பயணம். ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு அதற்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்ப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. தொகையை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்குள் அடங்கும் ஊர் எது என்று தேடுவதே உங்களுக்கு ஏற்ற முறை.

தேடும்போது ஒரு கணக்கை மட்டும் மறக்காதீர்கள். பயணச் செலவுகளில் சில தலைக்கணக்கில் ஏறுகின்றன, சில இரவுக்கணக்கில் ஏறுகின்றன, சில வண்டிக்கணக்கில் நிற்கின்றன. ரயில், விமானக் கட்டணமும் நுழைவுச் சீட்டும் தலைக்கணக்கு. தங்குமிடம் இரவுக்கணக்கு. வாடகைக் காருக்கோ இருவர் ஏறினாலும் ஐவர் ஏறினாலும் ஒரே வாடகை. ஒருவர் போய்வரும் கட்டணம் இரண்டு இரவு வாடகைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் ஐவருக்கும் பத்து இரவு வாடகை கிளம்புவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. அதில் பாதிக் கட்டணத்தில் போகக்கூடிய தூரத்தைத் தேர்ந்தெடுத்தால், ஐந்து இரவுக்கான வாடகை கையில் மிஞ்சும். புதுமணத் தம்பதிக்குத் தொலைதூரம் பெரிய பாரமில்லை. ஐந்து தலை உள்ள குடும்பத்துக்குப் பக்கத்து ஊரில் நிறைய நாள் தங்குவதே கட்டுப்படியாகும். குழந்தைகளுக்கான கட்டணச் சலுகையின் வயது வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீட்டு எடுக்கும் நாளின் வயதா, பயணம் செய்யும் நாளின் வயதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுதியில் ஐவருக்கு ஒரே அறை கிடைப்பது அரிது. பெரும்பாலும் இரண்டு அறை எடுக்கச் சொல்வார்கள். அதற்குப் பதிலாகச் சமையலறையுடன் கூடிய சிறு வீடு கிடைக்கிறதா என்று பாருங்கள். மூன்று வேளையும் அங்கே சமைக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் விடுமுறை மற்றவர்களுக்கு மட்டுந்தான், உங்களுக்கு அடுப்பு மாறியது தவிர வேறொன்றும் மாறியிருக்காது. காலை உணவையும், மாமியார் மருந்து சாப்பிடும் நேரத்துக்கான சிற்றுண்டியையும், பிள்ளைகளின் பாலையும் உள்ளேயே முடித்துக்கொண்டால், நாளுக்கு ஒருவேளை நிம்மதியாக வெளியே சாப்பிடலாம். நாளைப் பொறுத்தவரை, வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவதைவிடச் செவ்வாய் கிளம்புவது மேல்.

கணவர் சொல்வதையும் நான் தள்ளிவிடவில்லை. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, விடுமுறைப் பயணம் போகிறவர்கள் போகாதவர்களைவிடக் கிளம்புவதற்கு முன் கூடுதல் மகிழ்ச்சியோடு இருக்கிறார்கள் என்றும், திரும்பிவந்த பிறகு இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றும் கண்டது. பயணம் தங்களுக்கு மிகவும் இளைப்பாறுதலாக அமைந்தது என்று சொன்னவர்கள் மட்டுமே அதற்கு விலக்கு. இதில் உங்களுக்கு இரண்டு செய்திகள் இருக்கின்றன. எதிர்பார்ப்பிலேயே பாதி மகிழ்ச்சி இருக்கிறது என்பதால், ஆறு மாதச் சேமிப்பைப் பிள்ளைகளின் கண்ணெதிரே நடத்துங்கள். மூத்தவனோ மூத்தவளோ மாதாமாதம் கணக்கின் இருப்பைச் சுவரில் எழுதட்டும். அடுத்தது, 6 வயதும் 70 வயதும் சேர்ந்து போகும் பயணத்தில் ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். ஐந்து நாளில் பதினைந்து இடம் பார்க்கும் பயணம் பணத்தையும் தின்னும், காலையும் தின்னும். ஆறு மாதத்தில் போதிய தொகை சேராவிட்டால், கணவர் சொல்வதுபோல் வீட்டிலேயே இருங்கள். ஆனால் அதுவும் விடுமுறையாகவே இருக்கவேண்டும். அலுவலக அழைப்பு இல்லை, துணி துவைக்கும் வேலை இல்லை, பகலில் உள்ளூரில் இதுவரை பார்க்காத இடம், அதற்கும் இந்தக் கணக்கிலிருந்தே செலவு. இல்லையென்றால் அது உங்களுக்கு ஓய்வாக இராது, வீட்டு வேலைகளைச் சேர்த்துச் செய்யும் நான்கு நாளாகத்தான் முடியும்.

இனித் திருட்டு. உங்கள் கணவரின் கைப்பேசியில் என்ன நடந்திருக்கும் என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் பலரும் கைப்பேசிக்குக் கைரேகைப் பூட்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். திருடன் அந்தப் பூட்டைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். சிம் கார்டை உருவித் தன்னிடமுள்ள வேறொரு கைப்பேசியில் போட்டுவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி எல்லாம் அவனுக்கே வரும். சிம்மை உருவாமலே கூட, பூட்டிய திரையின்மீது குறுஞ்செய்தியின் முதல் வரி தெரியும்படி அமைத்திருந்தால், ஓடிபியை அவன் அப்படியே படித்துக்கொள்ளலாம். பணப்பையும் சேர்ந்து போயிருந்தால் கார்டு எண்ணும் அவனிடம் இருக்கும். அப்புறம் கேட்க வேண்டியதில்லை.

இதற்கு இரண்டு அமைப்புகளை இன்றே மாற்றலாம். கைப்பேசி அமைப்புகளில் சிம் கார்டுக்குத் தனியாக ஒரு பின் எண் வைக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், சிம்மை வேறு கருவியில் போட்டதும் அந்த எண்ணைக் கேட்கும், மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். பிறகு தொலைபேசி நிறுவனம் தரும் 8 இலக்க எண்ணைக் கொண்டுதான் திறக்க முடியும். அந்த எண்ணை முன்கூட்டியே வாங்கி வீட்டில் எழுதிவைத்துவிட்டு இதைச் செய்யுங்கள், இல்லையென்றால் திருடனுக்குப் பதில் நீங்கள் வெளியே நிற்க நேரும். மற்றொன்று, பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மறைத்துவிடுவது. இவற்றோடு, பயணத்துக்குக் கொண்டுபோகும் கைப்பேசிகளில் சம்பளக் கணக்கின் செயலியை நீக்கிவிடுங்கள். பணம் செலுத்தும் செயலியைப் பயணக் கணக்கோடு மட்டும் இணையுங்கள். *#06# என்று அழுத்தினால் திரையில் வரும் 15 இலக்க எண்ணையும் (அது கைப்பேசியின் அடையாள எண்), வங்கியின் அவசரத் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, கணவரின் கைப்பேசி விவரம் உங்கள் பையிலும் உங்களுடையது அவர் பையிலும் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்த கைப்பேசிக்குள் இருக்கும் எண்களால் பயனில்லை. கைப்பேசி காணாமல்போனால் காவல் நிலையத்துக்கு ஓடுவதற்கு முன், மற்றவரின் கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள், அடுத்தது சிம்மை முடக்குவது, மூன்றாவதுதான் புகார். உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்: எங்கள் எண்ணிலிருந்து அவசரமாகப் பணம் கேட்டு செய்தி வந்தால், குரலைக் கேட்டு உறுதிசெய்யாமல் அனுப்ப வேண்டாம் என்று.

ரொக்கமா கார்டா என்ற கேள்விக்கு நேரடியான விடை: கார்டை முதன்மையாகவும், இரண்டு நாள் உணவுக்கும் வண்டிக்கும் போதுமான ரொக்கத்தைத் துணையாகவும் வையுங்கள். அந்த ரொக்கமும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. அன்றைய செலவுக்கானது மட்டும் எளிதில் எடுக்கும் பர்ஸில்; மீதம் இருவரின் உள்பைகளில் பிரிந்து. கூட்டத்தில் பெருந்தொகையை வெளியே எடுத்து எண்ணுவதைவிடத் திருடனுக்கு வேறு அழைப்பு தேவையில்லை. கார்டு குறைந்தது இரண்டு வேண்டும், இரு வெவ்வேறு வங்கிகளுடையதாக, இரு வெவ்வேறு ஆட்களிடம். கணவரிடம் பயணக் கணக்கின் டெபிட் கார்டு இருக்கட்டும். உங்களிடம் கிரெடிட் கார்டு ஒன்று, அதன் வரம்பை வங்கிச் செயலியில் குறைத்துவைத்து, இருக்கட்டும். கடனால் சூடுபட்ட உங்களிடம் கிரெடிட் கார்டைக் கொண்டுபோகச் சொல்வது முரணாகத் தோன்றலாம். விடுதிகளும் வாடகைக் கார் நிறுவனங்களும் முன்பிணையாக ஒரு தொகையை நிறுத்திவைக்கும். டெபிட் கார்டைக் கொடுத்தால் உங்கள் சொந்தப் பணம் சில நாட்களுக்கு முடங்கிவிடும். கிரெடிட் கார்டில் முடங்குவது வங்கியின் வரம்பு. மோசடி நடந்து வாதாடும்போதும், டெபிட்டில் போனது உங்கள் பணம், கிரெடிட்டில் நிற்பது பட்டியலில் ஒரு வரி. ஆனால் கிரெடிட் கார்டைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். பொதுவாக அதற்குத் தனிக் கட்டணமும், எடுத்த நாளிலிருந்தே வட்டியும் உண்டு.

ஏடிஎம்மில் எடுக்க நேர்ந்தால் வங்கிக் கட்டடத்துக்குள் உள்ளதில், பகலில் எடுங்கள். கார்டைச் செருகுமுன் அந்த வாயைப் பிடித்து ஒருமுறை அசைத்துப் பாருங்கள். கார்டின் பின்புறமுள்ள காந்தப் பட்டையில் இருக்கும் விவரம் எப்போதும் மாறாதது. அதைப் படித்து நகலெடுக்கும் போலி வாயை மேலே ஒட்டிவைத்து, எண்களைப் பார்க்க ஒரு சிறு கேமராவையும் பொருத்திவிடுகிறார்கள். ஒட்டிய பாகம் ஆடும். சிப் அப்படி அன்று. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புதிதாக ஒரு குறியீட்டை உண்டாக்குவதால் அதை நகலெடுப்பது மிகக் கடினம். எனவே கடைகளில் பட்டையைத் தேய்ப்பதைத் தவிர்த்து, சிப்பைச் செருகுங்கள் அல்லது தட்டிச் செலுத்துங்கள். கார்டை உங்கள் கண்ணுக்கு மறைவாக எடுத்துச்செல்ல விடாதீர்கள். பின் எண்ணை அழுத்தும் கையை மற்றொரு கையால் மூடிக்கொள்வது பழைய அறிவுரைதான்; கேமராவைத் தோற்கடிப்பது இன்றும் அதுவே.

வெளிநாடு போவதாக இருந்தால், திருடனே இல்லாமல் பணம் குறையும் ஓர் இடத்தையும் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நானே அதில் மாட்டிக்கொண்டேன். விடுதிக் கணக்கை முடிக்கும்போது, கார்டு இயந்திரத்தின் சிறு திரையில் இரண்டு தொகைகள் தெரிந்தன: ஒன்று அந்நாட்டு நாணயத்தில், மற்றொன்று என் நாட்டு நாணயத்தில். எவ்வளவு என்று உடனே புரிகிறதே என்ற நிம்மதியில் என் நாட்டு நாணயத்தைத் தொட்டேன். வீடு திரும்பி வங்கியின் அன்றைய விகிதத்தோடு ஒப்பிட்டபோதுதான், குடும்பத்தோடு ஒருவேளை வெளியே சாப்பிடக்கூடிய தொகையை அந்த நிம்மதிக்கு விலையாகக் கொடுத்திருந்தேன் என்று தெரிந்தது. நிதி ஆலோசகன் என்பதால் வெளியில் சொல்லவும் வெட்கம். நம் நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால், மாற்று விகிதத்தை நம் வங்கிக்குப் பதிலாக அந்த இயந்திரத்தின் பின்னால் இருக்கும் நிறுவனம் முடிவுசெய்கிறது; அதன் இலாபமும் அதிலேயே கலந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல், ஒன்றிய நாணயங்களுக்கிடையே மாற்றும்போது ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை விழுக்காடு கூடுதல் என்று முன்கூட்டியே காட்டவேண்டும் என விதி வந்ததற்குக் காரணமே இதுதான். ஏடிஎம்மிலும் கடையிலும் கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் உங்களுக்காக அழுத்திவிட்டால், ரத்துசெய்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

முன்பதிவில் நடக்கும் ஏமாற்றுகளுக்கு ஓர் அடையாளம் உண்டு: அவசரம். "கார்டை மறுபடி சரிபார்க்காவிட்டால் 12 மணி நேரத்தில் அறை ரத்தாகும்" என்று விடுதியின் பெயரில், உங்கள் பதிவு எண்ணோடு, தேதியோடு கூடச் செய்தி வரலாம். விடுதியின் கணக்கே களவாடப்பட்டிருந்தால் அந்த விவரங்கள் மோசடிக்காரனிடம் இருக்கும். அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களே தேடி எடுத்த எண்ணில் விடுதியை அழைத்துக் கேளுங்கள். வாடகை வீட்டுக்காரர் முன்பதிவு இணையதளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால் தள்ளுபடி என்றால், அந்தத் தள்ளுபடி வேண்டாம். பொது வைஃபையைப் பற்றிய பயம் இன்று சற்று மிகைதான், வங்கிச் செயலிகள் தகவலைக் குறியாக்கம் செய்தே அனுப்புகின்றன. இருந்தாலும் பணம் அனுப்ப மட்டும் சொந்த டேட்டாவைப் பயன்படுத்துங்கள்.

காப்பீடு வெளிநாட்டுக்குக் கட்டாயம் எடுங்கள். பையும் கைப்பேசியும் போவதற்காக அன்று, மருத்துவமனைச் செலவுக்காக. மாமியாருக்கு ஏற்கெனவே உள்ள நோய்களை விண்ணப்பத்தில் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். கவனிப்பாரின்றி விட்ட பொருளுக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. திருட்டுக்குக் குறித்த நேரத்துக்குள் காவல்துறைப் புகார் கேட்கும். உள்நாட்டுக் குறும்பயணத்துக்கு, ஏற்கெனவே உங்களிடம் உள்ள மருத்துவக் காப்பீடு போகும் ஊரிலும் செல்லுமா என்று பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். அந்தச் செலவை, ரத்துசெய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் தங்குமிடத்தைப் பதிவுசெய்யப் பயன்படுத்துங்கள். சிறு பிள்ளையும் முதியவரும் உள்ள வீட்டில் கிளம்பும் நாளில் காய்ச்சல் வருவது அதிசயமில்லை.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிறு தொகையை முதல் நாளே கையில் கொடுத்து, பொம்மையோ பண்டமோ அதற்குள் என்று சொல்லிவிடுங்கள். கடை வாசலில் நடக்கும் பேரம் பாதியாகக் குறையும்.

திரும்பி வந்ததும் பயணக் கார்டின் பின் எண்ணை மாற்றுங்கள். விடுதி நிறுத்திவைத்த தொகை விடுவிக்கப்பட்டதா என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்குக் கணக்கு அறிக்கையை வரிவரியாகப் படியுங்கள். களவாடிய கார்டு எண் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க முதலில் மிகச் சிறிய தொகையைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். நீங்கள் செய்யாத செலவு ஒன்று கண்ணில் பட்டால், அது ஒரு தேநீர் விலையாக இருந்தாலும், அன்றே வங்கியை அழைத்துக் கார்டை மாற்றிக்கொள்ளுங்கள்.